"உதவி நாடுவீர்களா?" மனவடுக் கேள்விப்படிவத்தைத் தமிழாக்கும்போது எங்கே பிசகுகிறது?

காவிரிக்கரை:

வணக்கம். திருச்சியில் சமூகப்பணி படித்துவிட்டு இப்போது ஆய்வில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் ஒரு கணக்கெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். போரில் பட்டதை இன்னும் மனதில் சுமப்பவர்கள் யாரிடம் போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போவதில்லை என்பதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம்.

அதற்கு ஜி.எச்.எஸ்.கியூ. (General Help-Seeking Questionnaire, பொதுவாக உதவி நாடுவது பற்றியது) என்ற கேள்விப்படிவத்தை எடுத்துக்கொண்டோம். 2005-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. "உங்களுக்குத் தனிப்பட்ட அல்லது உணர்ச்சி சார்ந்த பிரச்சினை இருந்தால், கீழ்க்கண்டவர்களிடம் உதவி நாட எவ்வளவு வாய்ப்பு உண்டு?" என்று கேட்டுவிட்டு, துணைவர், நண்பர், பெற்றோர், உறவினர், மனநல நிபுணர், தொலைபேசி உதவி, மருத்துவர், மதகுரு, யாரிடமும் போகமாட்டேன் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் 1 (வாய்ப்பே இல்லை) முதல் 7 (மிக அதிக வாய்ப்பு) வரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும்.

தமிழாக்கத்தை முறைப்படியே செய்தோம். இருவர் தனித்தனியாகத் தமிழில் எழுதினார்கள். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன வாரம் எட்டுப் பேரிடம் ஒத்திகை பார்த்தோம். முதலில் உட்கார்ந்தவர் 62 வயது அம்மா, 1990-இல் வந்தவர். "உதவி நாடுவீர்களா" என்று கேட்டதும், "உதவி குறையில்லாமல் வருது பிள்ளை. மாதக் காசு வருது, அரிசி வருது" என்றார். சரி, நான் கேட்ட விதம்தான் தவறு என்று நினைத்து, "மனசுக்குக் கஷ்டமா ஒரு பிரச்சினை வந்தா?" என்று மாற்றிக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்தா எண்டு கேக்கிறியே பிள்ளை. அது வந்து முப்பது வருசமாச்சு." கொஞ்ச நேரம் என்னால் படிவத்தைத் திருப்ப முடியவில்லை.

எட்டுப் பேரும் வட்டமிட்டது 1 அல்லது 7. நடுவில் உள்ள எண்களை ஒருவரும் தொடவில்லை. சொல்லைத் திருத்தினால் போதுமா, இல்லை படிவமே பொருந்தவில்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடலி:

காவிரிக்கரை, அந்த அம்மா உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறா. அவ சொன்னதை அப்படியே எழுதி வையுங்கோ.

நான் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக 20 வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். "உதவி" என்ற சொல் எங்கள் ஆட்களுக்குத் தேய்ந்துபோன சொல். சுனாமிக்குப் பிறகும் 2009-க்குப் பிறகும் ஒவ்வொரு படிவத்திலும் அது இருந்தது. தறப்பாள் உதவி, வீட்டுத்திட்ட உதவி, வாழ்வாதார உதவி. யாராவது கோப்போடு வந்து "உதவி" என்றால், ஏதோ பட்டியல் எடுக்கிறார்கள் என்றுதான் மனம் போகும். அதைக் கேட்கும்போது அவர்களுக்குக் கண்ணீர் நினைவுக்கு வராது. கூரைத்தகரம் நினைவுக்கு வரும்.

அடுத்தது, உங்கள் படிவத்தில் "மருத்துவரிடம் பேசுவீர்களா" என்ற மாதிரி ஏதாவது வருகிறதா? வந்தால் மாற்றுங்கோ. எங்கள் ஊரில் "பேசினார்" என்றால் ஏசினார் என்றும் அர்த்தம். "டொக்டர் என்னைப் பேசிப்போட்டார்" என்று ஒரு ஆள் சொன்னால், அவர் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் கதைப்போம். ஆனால் உங்கள் பக்கத்தில் "கதைக்கிறான்" என்றால் கதை கட்டுகிறான் என்று விளங்கும் என்று என் சென்னைச் சிநேகிதி சொல்லுவா. முகாமில் இப்போது ரெண்டு தலைமுறை இருக்கிறது. பெரியவர்கள் கதைப்பார்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் பேசுவார்கள். ஒரே படிவம் ரெண்டு பேருக்கும் போகுமா என்று பாருங்கோ.

நீங்கள் மனநலம் என்பீர்கள், நாங்கள் உளநலம் என்போம். உங்களுக்குக் கவுன்சிலிங், எங்களுக்கு உளவளத்துணை. இதெல்லாம் சின்ன விசயம், ஒரு நாளில் திருத்தலாம். "உணர்ச்சி சார்ந்த பிரச்சினை" என்பதுதான் பெரிய விசயம். அப்படி ஒரு பிரச்சினை எங்கள் சனத்துக்கு இல்லை. அவர்களுக்கு இருப்பது யோசனை. "ஒரே யோசினை, நித்திரை இல்லை." "பெருமூச்சு வருது." "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது." "பிள்ளை அண்டைக்கு ஏங்கிப்போனது (பயந்துபோனது), அதுக்குப் பிறகு பழைய ஆள் இல்லை." இருபது வருடமாக என் முன்னால் இருந்து சொன்ன சொற்கள் இவை. "எனக்கு உணர்ச்சி சார்ந்த பிரச்சினை" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

எண்கணக்கு:

நான் புள்ளியியல்காரன், சென்னை. மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதமாகக் கேள்வியை மாற்றினால், கடைசியில் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

யாழ்ப்பாணத்தில் 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். 2011-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. மனவடு நோய் (பி.டி.எஸ்.டி.) 7 சதவீதம், பதற்றம் 32.6, மனச்சோர்வு 22.2 என்று சொன்னார்கள். இடம்பெயர்ந்த நிலையில் இருப்பவர்களிடம் இவை அதிகம் என்றும் காட்டினார்கள். ஹார்வர்ட் மனவடுக் கேள்விப்படிவத்தையும், பதற்றம், மனச்சோர்வு அறிகுறிகளைக் கேட்கும் ஹாப்கின்ஸ் பட்டியலையும் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. கேள்வி கேட்பவர் ஆளுக்கு ஒரு விதமாக மாற்றியிருந்தால் அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. நிவாரணமும் மருத்துவர் பணியிடங்களும் இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் கேட்கப்படுகின்றன. எண் இல்லாவிட்டால் அந்த மக்களின் துன்பம் கோப்பில் ஏறாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பாளன் சூரிச்:

எண்கணக்கு ஐயா, நீங்கள் சொன்ன அந்த ஹார்வர்ட் படிவத்தைப் பற்றியே சொல்கிறேன். 1992-இல் ரிச்சர்ட் மொல்லிகாவும் அவரோடு வேலை செய்தவர்களும் கம்போடியா, லாவோஸ், வியட்நாம் அகதிகளுக்காக உருவாக்கியது. அதில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் உள்ள அறிகுறிகள் 16 முதலில் வரும். அதற்குப் பிறகு அந்தந்த அகதிச் சமூகத்துக்கென்று சேர்த்த கேள்விகள் வரும். பொது ஒன்று, உள்ளூர் ஒன்று என்று அதைச் செய்தவர்களே இடம் விட்டிருக்கிறார்கள்.

நான் இங்கே 15 வருடமாக மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கிறேன். திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்கிறதில் எனக்கு நம்பிக்கை போனது எப்படி என்று சொல்கிறேன். ஒரு படிவத்தில் "எச்சரிக்கையாக, காத்துக்கொண்டே இருப்பதுபோல் உணர்தல்" என்று வரவேண்டிய இடம். தமிழாக்கியவர் "காவலில் இருப்பதுபோல் உணர்தல்" என்று எழுதியிருந்தார். திருப்பி ஆங்கிலமாக்கியவர் சரியாக மூலச் சொல்லுக்கே வந்துவிட்டார். ஏனென்றால் அவர் அந்தத் துறையில் படித்தவர், அங்கே என்ன இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். படிவமும் அச்சாகிவிட்டது.

அதை நான் ஒரு மனிதரிடம் வாசித்தேன். தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்தவர். "காவலில்" என்ற சொல்லைக் கேட்டதும் கதிரையைப் பின்னால் தள்ளினார். "திரும்பவும் பிடிக்கப் போறாங்களா?" என்று என்னைத்தான் கேட்டார், டொக்டரை அல்ல. அவருக்குக் காவல் என்றால் பொலிஸ் காவல்தானே. அன்றைக்கு மிச்சக் கேள்விகள் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்து, வெளியே மரத்தடியில் அரை மணி நேரம் அவரோடு நின்றேன்.

இன்னொன்று. "மனிதர்களிடமிருந்து விலகி இருப்பதுபோல் உணர்தல்" என்ற கேள்விக்கு ஒருவர் "பற்றற்று இருத்தல்" என்று எழுதியிருந்தார். வயதான ஒரு ஐயா, தினமும் தேவாரம் படிக்கிறவர், சிரித்துவிட்டு "அந்தப் பக்குவம் இன்னும் வரேல்லை தம்பி" என்றார். "இல்லவே இல்லை" என்று பதிவானது. உண்மையில் அவர் மூன்று வருடமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அவருடைய மகள்தான் பிறகு சொன்னா.

திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பது தாளில் உள்ள தவறைக் கண்டுபிடிக்கும். காதில் விழும்போது வருகிற தவறு அதில் தெரியாது. உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, "நான் கேட்டதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள், உங்கள் வாயால் சொல்லுங்கோ" என்று கேட்டால்தான் தெரியும்.

காவிரிக்கரை:

சூரிச் அண்ணா, "காவலில்" எங்கள் பக்கமும் அதே பொருள்தான். படித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

எண்கணக்கு சார், உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஜி.எச்.எஸ்.கியூ.வை எழுதியவர்களே, யாரிடம் போவீர்கள் என்ற பட்டியலையும் எந்தப் பிரச்சினைக்கு என்பதையும் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். அவர்கள் சோதித்துப் பார்த்தது பள்ளி மாணவர்களிடம். ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு எழுதிய வரிசையை, குடும்பத்தில் பாதிப் பேரைப் பறிகொடுத்துவிட்டுப் படகில் வந்த அம்மாவிடம் அப்படியே நீட்டியிருக்கிறேன். அவரிடம் "பெற்றோரிடம் சொல்வீர்களா" என்று கேட்டது இப்போது நினைத்தால் வலிக்கிறது.

மட்டுநகர்:

அந்த வரிசையில் "மதகுரு" என்று ஒரே வரி இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்புப் பக்கம் ஒரு தாய்க்கு மனசு தாங்கவில்லை என்றால் கோயில் ஐயரிடம் போய்ச் சொல்லுவாளா? ஐயர் பூசை செய்வார், அர்ச்சனை செய்வார். அவரிடம் யாரும் மனசைத் திறப்பதில்லை. அவள் போவது அம்மன் கோயிலில் உருவந்து (சாமி வந்து) வாக்குச் சொல்லுபவரிடம். பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள், உயிரோடு இருக்கிறானா என்று கேட்பாள். பேட்ரிசியா லாரன்ஸ் என்ற மானுடவியலாளர் 1990-களில் இங்கே வந்து தங்கி இதைத்தான் எழுதினார். வெளியில் யாரும் வாய் திறக்க முடியாத காலத்தில், காணாமல் போனவர்களைப் பற்றி வாய்விட்டுக் கேட்கக்கூடிய இடமாக அந்தக் கோயில்கள் இருந்தன. கத்தோலிக்க வீடு என்றால் பாதரிடமும் சிஸ்டரிடமும் போவார்கள், அங்கே மனசைத் திறக்கிற வழக்கம் உண்டு. சபைக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்டர். காத்தான்குடியில் மௌலவி. அப்புறம் சாத்திரம் பார்க்கிறவர் தனி.

இத்தனை பேரையும் "மதகுரு" என்று ஒரு வரியில் அடைத்தால், இந்துக்கள் எல்லாரும் 1 போடுவார்கள், கிறிஸ்தவர்கள் 7 போடுவார்கள். இந்துக்கள் உதவி நாடுவதில்லை என்று முடிவு எழுதப்படும். அது பொய் முடிவு.

எண்கணக்கு:

மட்டுநகர் சொல்வது புள்ளியியலிலும் அப்படியே வரும். ஒரே அளவு துன்பத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரு கேள்விக்கு வேறு வேறாகப் பதில் சொன்னால், வித்தியாசம் கேள்வியில் இருக்கிறது, ஆளில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு முடித்திருக்க வேண்டும். எட்டுப் பேரிடம் உட்கார்ந்து பேசினால் அதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மூலத்தில் உள்ள வரிகளை நீக்காமல் வையுங்கள். அவற்றின் கீழே உள்ளூர் வரிகளைத் தனியாகச் சேருங்கள். ஒப்பிட வேண்டியபோது மேல் பாதி, முகாமுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க இரண்டும்.

கடலூரான்:

1 முதல் 7 வரை பற்றி யாரும் பேசவில்லை. நான் 2005-இல் கடலூர், நாகை மீனவர் குப்பங்களில் படிவத்தோடு அலைந்தவன். சுனாமி முடிந்து சில மாதங்கள். "ஓரளவு", "சிறிதளவு", "மிதமாக" என்று நாங்கள் எழுதிக்கொண்டு போன சொற்களில் எது பெரிது எது சிறிது என்பதில் ஊருக்குள்ளேயே சண்டை. எங்கள் குழுவில் இருந்த இரண்டு பேருக்கே "ஓரளவு" பெரிதா "சுமாராக" பெரிதா என்று ஒத்துப்போகவில்லை.

ஒரு குப்பத்தில் ஒரு அக்கா, "தம்பி, எனக்கு நம்பர் தெரியாது, இதுல காட்டுறேன்" என்று பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தார். தண்ணீரை ஊற்றி, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினார். "பகல்ல இவ்வளவு." பிறகு நிறைய ஊற்றி வழியவிட்டார். "ராத்திரி அலைச் சத்தம் கேட்டா இப்படி."

அன்று முதல் நான்கு தம்ளர் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனோம். காலி, கால்வாசி, முக்கால், நிறைய. எண்ணைக் கேட்டபோது இரண்டு ஓரத்தில் நின்றவர்கள் தம்ளரில் நடுவையும் காட்டினார்கள். ஏழு தம்ளர் வேண்டாம், யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. நான்கு போதும்.

அந்த அக்கா சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. பகலுக்கு ஒரு அளவு, ராத்திரிக்கு ஒரு அளவு. "கடந்த ஒரு மாதத்தில்" என்று நாங்கள் கேட்டதில் அது அடிபட்டுப் போனது. கடலோரத்தில் நாள் கணக்கு அமாவாசை, பௌர்ணமி, வாடை, கச்சான். "போன அமாவாசைக்கு அப்புறம்" என்று கேட்டால் சட்டென்று பதில் வந்தது.

ஸ்கார்பரோ மகள்:

நான் டொராண்டோவில் வளர்ந்தவள், தமிழ் எழுதிப் பழக்கம் குறைவு, பிழை இருந்தால் மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் கிளினிக்கில் இந்த மாதிரிப் படிவத்தை 13 வயதில் நான்தான் வாசித்து மொழிபெயர்த்தேன். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்தீர்களா" என்ற கேள்வி வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இல்லை எண்டு போடு" என்றார். நானும் போட்டேன்.

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்பது போலவே, யார் வாசிக்கிறார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதிவையுங்கள். பிள்ளைகளை வாசிக்க விடாதீர்கள்.

வடலி:

மகள், உங்களுக்கு எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நீங்கள் எழுதியதை எங்கள் பயிற்சியில் வாசித்துக் காட்டலாமா? பெயர் வராது.

ஸ்கார்பரோ மகள்:

தாராளமாக, ஆன்ட்டி.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். "உதவி நாடுதல்" என்பதை எடுத்துவிட்டு, "மனசில் இருப்பதை யாரிடம் சொல்லி ஆறுவீர்கள்?" என்று போட்டிருக்கிறேன். இது நன்றாக ஓடுகிறது. என் பாட்டியிடம் கேட்டேன், யோசிக்காமல் பதில் சொன்னார்.

எண்கணக்கு:

அழகான வாக்கியம். ஆனால் வேறொன்றைக் கேட்கிறதோ என்று சந்தேகம். ஆறுதலும் சிகிச்சையும் ஒன்றல்ல. "சொல்லி ஆறுவது" என்று கேட்டால் அக்கா, அண்டை வீடு, கோயில் எல்லாம் மேலே போகும், மனநலப் பிரிவு கீழே போகும். தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாக நினைப்பவருக்கு மருத்துவர் தேவை. அங்கே போகத் தடையாக இருப்பது என்ன என்று இந்தக் கேள்வி சொல்லாது.

வடலி:

தம்பி எண்கணக்கு சொல்வது சரி. நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் ஆறுதலுக்கு ஒரு இடம் போவார், மருந்துக்கு ஒரு இடம் போவார், "இது ஏன் எனக்கு நடந்தது" என்று அறிய இன்னொரு இடம் போவார். மூன்றும் ஒரே ஆள், ஒரே கிழமையில். காலையில் தெல்லிப்பளை ஆஸ்பத்திரியில் கிளினிக் துண்டை வாங்கிக்கொண்டு, பின்னேரம் சாத்திரியாரிடம் சாதகத்தோடு போவார். இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது. படிவம்தான் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும்.

ஆகவே மூன்றாகக் கேளுங்கோ. யாரிடம் மனசைச் சொல்லுவீர்கள்? நித்திரையில்லை, நெஞ்சு அடைக்குது என்றால் எங்கே காட்டுவீர்கள்? ஏன் இப்படி நடந்தது என்று எங்கே கேட்பீர்கள்?

மட்டுநகர்:

"எங்கே காட்டுவீர்கள்" நல்ல சொல். காட்டுறது என்றால் மருந்துக்குத்தான் என்று எல்லாருக்கும் விளங்கும்.

கடலூரான்:

எங்கள் பக்கமும் அதேதான். "ஆஸ்பத்திரியில காட்டினியா?" என்பதுதான் பேச்சு. கோயிலையும் ஆஸ்பத்திரியையும் எதிரெதிராக வைக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை வைத்து ஒரு ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தங்கிய நாட்களில் நோய் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே தனியாகச் சடங்கு எதுவும் கிடையாது. கோயில் வேலை செய்துகொண்டு, குடும்பத்தோடு தங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஏர்வாடியையும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது தர்காவைச் சுற்றியிருந்த காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவுக்குப் போவது வேறு, அதைச் சுற்றிக் காசுக்காக முளைத்த கொட்டகையில் கொண்டுபோய் விடுவது வேறு. "தர்கா" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிறுத்தினால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். போனபோது என்ன நடந்தது என்றும் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளன் சூரிச்:

ஆஸ்பத்திரியின் பெயரைப் படிவத்தில் போடும்போது கவனம். அங்கொடை, கீழ்ப்பாக்கம் என்று பெரிய மனநல ஆஸ்பத்திரிகளின் பெயரை எழுதினால் எங்கள் ஆட்களுக்கு அது வசவு. "மனநல நிபுணர்" என்றாலும் பாதிப் பேருக்கு "விசர் (பைத்திய) டொக்டர்" என்றுதான் கேட்கும். "நித்திரைக்கு மருந்து தருகிற டொக்டர்" என்று சொன்னால் கையை நீட்டுவார்கள். இது ஏமாற்று அல்ல. அவர்கள் அவரிடம் போவது முதலில் அதற்காகத்தான்.

காவிரிக்கரை:

சூரிச் அண்ணா சொன்னதை இன்று காலை முகாமில் சோதித்தேன். ஐந்து பேரில் நான்கு பேர் "தூக்கத்துக்கு மருந்து தரும் டாக்டர்" என்றதும் அரசு ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-இல் நாட்டிலேயே முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய படிவத்தில் "மனநல நிபுணர்" வரியில் எட்டுப் பேரும் 1 போட்டிருந்தார்கள். அதை வைத்து "யாரும் போக விரும்பவில்லை" என்று எழுதியிருப்பேன்.

கையெழுத்து விஷயமும் ஒன்று. ஒப்புதல் தாளை நீட்டியதும் ஒரு தாத்தா எழுந்து போய்விட்டார். "இந்தப் பேப்பர் எங்க போகும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் ஒரு வரியில் பதில் இல்லை. இப்போது எழுதி வைத்திருக்கிறேன்: யாரிடம் போகும், யாரிடம் போகாது, எப்போது அழிப்போம். கையெழுத்துக்குப் பதில் வாய்ச்சொல் போதுமா என்று ஆய்வு நெறிக்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

"உங்களுக்கு வந்தால்" என்பதையும் எடுத்துவிட்டேன். கெட்டதை அவர்கள் தலையில் வைத்துச் சொன்னால் "வாயில நல்ல வார்த்தை வரட்டும்" என்கிறார்கள். அதனால் சின்னக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். "பக்கத்து முகாமில் ஒரு அம்மா. ராத்திரி தூக்கம் இல்லை. ஒரே யோசனை. பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். அவர் யாரிடம் போவார்?" கதையைச் சொல்லி முடிக்குமுன்பே பதில் வருகிறது. ஒருவர், "அவ என்னட்டத்தான் வருவா" என்றார்.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஹார்வர்ட் படிவத்தில் இருந்து நடந்த சம்பவங்களின் பட்டியலையும் எடுத்திருக்கிறோம். அதில் "குடும்பத்தினர் அல்லது நண்பரின் இயற்கையல்லாத மரணம்" என்று ஒரு வரி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் இதை எப்படிக் கேட்பது?

மட்டுநகர்:

அந்த வரியை அப்படியே வாசிக்கவே வேண்டாம். தயவுசெய்து.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் தெருவோரம் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால் காசு கிடைக்கும் என்று சொன்னபோதும் பலர் வாங்க மறுத்தார்கள். அப்படிப்பட்டவரிடம் "மரணம்" என்ற வரிக்கு ஆம் என்று சொல்லச் சொன்னால், பிள்ளையைத் தன் வாயால் சாகடிக்கச் சொல்வதாகத்தான் அவருக்குப் படும். இல்லை என்று சொன்னாலோ, அவருக்கு இழப்பே இல்லை என்று கணக்கில் ஏறும்.

எண்கணக்கு:

இங்கே ஒப்பீடு எல்லாம் பார்க்க வேண்டாம். தனி வரி போடுங்கள். மரணத்தோடு சேர்க்காதீர்கள்.

வடலி:

நாங்கள் கேட்கிற விதம் இது. "வீட்டில் யாரைப் பற்றியாவது இன்னும் தகவல் வராமல் இருக்கிறதா?" தகவல் என்ற சொல் போதும். அவர்கள் தாங்களாகவே சொல்லுவார்கள். சொல்லும்போது எத்தனை வயது என்று கேளுங்கோ. "2009-இல் 19. இப்ப எத்தினை வயசிருக்கும் எண்டு நீங்களே பாருங்கோ" என்பார்கள். பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது அவர்களுக்கு.

காவிரிக்கரை:

அக்கா, அதை இன்று மாலை ஒருவரிடம் கேட்டேன். ஒத்திகையில் முதலில் உட்கார்ந்த அதே அம்மாதான். தம்பியைப் பற்றித் தகவல் இல்லையாம். என் பேனாவைப் பார்த்து, "அவன்ர பேரை எழுது பிள்ளை" என்றார். எங்கள் படிவத்தில் பெயர் எழுதக் கூடாது. எழுதமாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எண்கணக்கு:

பெயர் படிவத்தில் வரவே கூடாது. அது அவர்களின் பாதுகாப்புக்காக. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வடலி:

எழுத வேண்டாம். ஆனால் பேனாவைக் கீழே வையுங்கோ. பெயரைக் கேளுங்கோ. அவ சொன்னதும் நீங்களும் ஒரு தரம் அந்தப் பெயரைச் சொல்லுங்கோ. பிறகு "இது தாளில் வராது அம்மா, நான் கேட்டேன்" என்று சொல்லுங்கோ. அடுத்த கேள்விக்கு அவசரப்படாதேங்கோ.

காவிரிக்கரை:

அதையே கேள்வி 14-க்குக் கீழே, கேட்பவருக்கான குறிப்பாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். "பேனாவைக் கீழே வைக்கவும். பெயரைக் கேட்கவும். திருப்பிச் சொல்லவும். எழுத வேண்டாம்." புதன்கிழமை அந்த அம்மாவிடம் மறுபடி போகிறேன்.